லெட்சரும் சோனாகாச்சியும்: இரண்டு கேமரா வகுப்புகள்

1967 செப்டம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெட்சர் மாவட்டத்து ஜெரமையா என்ற சிற்றூரில் ஒரு கொலை நடந்தது. படக்குழுவோடு வந்திருந்த கனடாக்காரர் ஹ்யூ ஓ'கானர், சுரங்க வேலை முடித்து கரி படிந்த முகத்தோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு தொழிலாளியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். தொழிலாளி சம்மதித்திருந்தார். ஆனால் அது வாடகை வீடு. வீட்டுக்குச் சொந்தக்காரரான ஹோபார்ட் ஐசன் துப்பாக்கியோடு வந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அவர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய வேளையில் சுட்டார். ஓ'கானர் இறந்துபோனார். உள்ளூரில் ஐசன் பக்கம் அனுதாபம் இருந்தது. வழக்கைப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றியும் முதல் விசாரணையில் ஜூரிகளால் ஒருமித்த தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பிறகு குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்ட ஐசனுக்குப் பத்தாண்டுத் தண்டனை கிடைத்தது. ஓராண்டில் வெளியே வந்துவிட்டார்.

ஒரு கேமராவுக்கு இத்தனை ஆத்திரம் ஏன் என்று கேட்டால், அந்த மலைநாடு அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பட்டதைச் சொல்ல வேண்டும். 1964இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போரை அறிவித்ததும் அப்பலாச்சிய மலைகளுக்குப் பத்திரிகைக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் வரிசைகட்டி வந்தார்கள். ஒழுகும் கூரை, சட்டையில்லாத பிள்ளை, பல் விழுந்த கிழவி என்று தேடித்தேடி எடுத்தார்கள். எடுத்தவர்கள் திரும்பிப் போனார்கள். எடுக்கப்பட்டவர்கள் நாடு முழுக்க ஏழ்மையின் விளம்பர முகங்களாக நின்றார்கள்.

அந்தக் கொலை நடந்து பத்தாண்டுகூட ஆகாத நிலையில் அதே லெட்சர் மாவட்டத்தில் குடியேறினார் வெண்டி ஈவால்ட். 1951இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். பதின்ம வயது முடிவதற்குள்ளேயே கனடாவின் பூர்வகுடிக் குழந்தைகளிடம் கேமராவைக் கொடுத்துப் பார்த்தவர். 1970களின் நடுவில் வந்து 1982 வரை தங்கி, கௌவன், கிங்டம் கம், கேம்ப்பெல்ஸ் பிராஞ்ச் என்ற சின்னச் சின்ன மலைப்பள்ளிகளில் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்தார். அந்தப் படங்களும் பிள்ளைகளின் பேச்சும் சேர்ந்து 1985இல் 'போர்ட்ரெய்ட்ஸ் அண்ட் ட்ரீம்ஸ்' என்ற புத்தகமாக வந்தன.

இரண்டாவது வகுப்பு நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் நடந்தது. லண்டனில் பிறந்து நியூயார்க்கில் புகைப்படம் படித்த ஜானா பிரிஸ்கி, 1998இல் வட கொல்கத்தாவின் சோனாகாச்சிக்கு வந்தார். அங்குள்ள பாலியல் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படமெடுப்பதுதான் அவர் வந்த வேலை. அதற்காக அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினார். பெண்கள் கேமராவைக் கண்டு விலகினார்கள்; பிள்ளைகள் கேமராவைக் கண்டு ஓடிவந்தார்கள். 2000இல் அந்தப் பிள்ளைகளில் சிலருக்குச் சாதாரண ஆட்டோ கேமராக்களைக் கொடுத்து வகுப்பு தொடங்கினார். ராஸ் காஃப்மனோடு சேர்ந்து அவர் இயக்கிய 'பார்ன் இன்டு ப்ராதல்ஸ்' ஆவணப்படம் 2005இல் ஆஸ்கர் வாங்கியது. எட்டுப் பிள்ளைகளின் முகங்கள் உலகத்துக்குத் தெரிந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டுவது இவற்றின் ஒற்றுமை. வெளியிலிருந்து வந்த ஒரு பெண், கேமராவைக் கண்டால் முகத்தை மூடிக்கொள்ளும் ஓர் ஊர், பள்ளி வயதுப் பிள்ளைகள், விலை குறைந்த கேமரா. தொடக்கம் இவ்வளவு ஒத்திருந்தும் ஒன்று பாடமுறையாக வளர்ந்தது, மற்றொன்று மீட்புப் பணியாக மாறியது. இந்தப் பிரிவுக்குக் காரணம் இரண்டு கேள்விகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: பிள்ளைகளிடம் எதைப் படமெடுக்கச் சொன்னார்கள்? எடுத்ததில் எது நல்ல படம் என்று யார் முடிவு செய்தார்கள்?

அதற்கு முன் காசு விஷயம். ஈவால்ட் கேமராவை இலவசமாகக் கொடுக்கவில்லை. கோடக் இன்ஸ்டமாட்டிக் கேமராவைப் பத்து டாலருக்குப் பிள்ளைகளிடம் விற்றார். வீட்டு வேலை, தோட்ட வேலை செய்து காசு சேர்த்து வாங்கினார்கள். கேட்கும்போது கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஏழைப் பிள்ளையிடமா காசு வாங்குவது? ஆனால் தன் காசில் வாங்கிய பொருளைப் பிள்ளை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம், டீச்சர் ஊரைவிட்டுப் போனாலும் கேமரா வீட்டில் இருக்கும். சோனாகாச்சியில் இப்படி விற்றிருக்க முடியாது. அங்கே பிரிஸ்கி கொடுத்தது அன்பளிப்பு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்பளிப்பாக வரும் கேமராவோடு கொடுத்தவரின் ஆசையும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

கருவியைப் பொறுத்தவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. 1963இல் கோடக் கொண்டுவந்த இன்ஸ்டமாட்டிக்கில் பிலிம் ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும். டப்பாவை உள்ளே போட்டு மூடினால் முடிந்தது. ஃபோகஸ் பார்க்க வேண்டியதில்லை. படம் சதுரமாக விழும். சோனாகாச்சியின் ஆட்டோ கேமராவிலும் அமுக்குவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை. நம் ஊர்க் கோடை முகாம்களில் முதல் நாள் முழுவதும் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ முக்கோணத்தைப் பலகையில் வரைந்து முடிக்கிறார்கள். மூன்றாம் நாள் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. இந்த இரண்டு பெண்களும் கருவியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லாத கருவியைத் தேர்ந்ததால் வகுப்பில் வேறு விஷயம் பேச நேரம் கிடைத்தது.

ஈவால்ட் பேசிய வேறு விஷயம் என்ன? தலைப்புகள் கொடுத்தார். நீ, உன் குடும்பம், உன் வீட்டு மிருகங்கள், உன் கனவு. அவ்வளவுதான். முதல் மூன்றையும் எந்த ஆசிரியரும் கொடுத்திருப்பார். நான்காவதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். கனவைத் தெருவில் போய்த் தேடி எடுக்க முடியாது. பிள்ளை உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும், தம்பிக்கு வேஷம் போட வேண்டும், அவனைச் சொன்ன இடத்தில் நிற்கவைக்க வேண்டும், வெளிச்சம் சாயும்வரை காத்திருக்க வேண்டும். வறுமை, சுரங்கம், பழைய வீடு என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்லாததால் அவை படத்தின் பின்னணியில் தாமாக வந்து நின்றன. முன்னே வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

புத்தகத்தில் அதிகம் பேசப்பட்ட படம் ஒரு சிறுவன் எடுத்தது. தன் நெருங்கிய நண்பனைத் தானே கொன்றுவிட்டதாகக் கனவு கண்டிருக்கிறான். நண்பனையே கூப்பிட்டு, ஒரு மரத்தின் கவட்டையில் உடலைச் சாய்த்துக் கிடக்கவைத்து எடுத்திருக்கிறான். பார்த்தால் விளையாட்டு என்று உடனே தெரிகிறது. அடுத்த கணம் அப்படி நினைக்க முடியவில்லை. ஒரு சிறுமி தன் வீட்டு இரட்டையர்களை வேற்றுக்கிரக ஜீவன்களாக்கி விண்கலத்தில் ஏற்றிவிட்டாள். இன்னொரு சிறுவன் தன்னையே எடுத்துக்கொண்டான், கையில் மூத்த அண்ணனின் படத்தோடு. வியட்நாமிலிருந்து திரும்பிவந்து தற்கொலை செய்துகொண்ட அண்ணன். எந்தப் பத்திரிகைக்காரர் அந்த வீட்டு வாசலில் எத்தனை நாள் காத்திருந்தாலும் இந்தப் படம் கிடைத்திருக்காது. துக்கத்தைக் காட்டு என்று சொல்லி வந்ததல்ல இது. 'நீ' என்ற தலைப்புக்கு அவன் தந்த விடை.

ஈவால்டின் முறையில் எழுத்துக்கும் படத்துக்கும் சம பங்கு. பிள்ளை பேசுகிறது, எழுதுகிறது, பிறகு எடுக்கிறது. எடுத்ததைப் பார்த்து மறுபடி எழுதுகிறது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1990 வாக்கில் 'லிட்டரசி த்ரூ ஃபோட்டோகிராஃபி' என்ற பெயரில் இது ஒரு பயிற்சித் திட்டமானது. பிறகு தான்சானியாவின் அருஷா நகரத்து ஆசிரியர்கள்வரை போனது. டர்ஹம் நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் புதிதாக ஒரே பள்ளி நிர்வாகத்துக்குள் வந்த சமயம், தன்னை மற்ற இனத்துப் பிள்ளையாகக் கற்பனை செய்து எழுதச் சொன்னார். அப்படியே வேஷமிட்டு நிற்க அவர் படமெடுத்துக் கொடுத்தார். அந்த நெகட்டிவில் பிள்ளைகள் கீறினார்கள், எழுதினார்கள். நம் பழைய ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவில் டச்சிங் செய்து முகத்துப் பருவை மறைத்தார்கள். இந்தப் பிள்ளைகள் நெகட்டிவில் கைவைத்தது, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர.

பிரிஸ்கியின் பாடம் வேறு மரபிலிருந்து வந்தது. அவர் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் வழியில் வந்தவர். எதிரே நடப்பதைப் பார், கிட்டே போ, சட்டென்று எடு, ஃப்ரேமை யோசி. பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போனார். சந்தில், மாடியில், படிக்கட்டில், அறை வாசலில் அவர்கள் எடுத்த படங்களில் ஓட்டமும் நிறமும் சாய்ந்த கோணங்களும் நிறைந்திருக்கின்றன. சில படங்கள் அசத்தலானவை. அந்த உயரத்திலிருந்து, அத்தனை கிட்டத்திலிருந்து, பெரியவர்கள் ஒரு பொருட்டாகவே நினைக்காத ஒருவரால் மட்டுமே எடுக்கக்கூடியவை. இந்த இடத்தில் லெட்சர் பிள்ளைகளைவிட சோனாகாச்சிப் பிள்ளைகள் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். தெரு அவர்களுக்கு மனப்பாடம்.

ஆனாலும் அந்தப் படங்களை வரிசையாகப் பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. பெரும்பாலும் அவை பிரிஸ்கி தானே எடுக்க வந்து எடுக்க முடியாமல்போன படங்கள். கேமராவைக் கண்டு விலகிய பெண்கள், தம் பிள்ளைகளின் கேமராவுக்கு முன் அவ்வளவாக விலகவில்லை. பிரிஸ்கி அந்தக் கணக்கோடு கேமரா கொடுத்தார் என்று சொன்னால் அது அநியாயம். படத்தில் அவர் பிள்ளைகளிடம் காட்டும் பிரியம் நடிப்பல்ல. ஆனால் விளைவு அதுதான். தன் வீட்டை வெளியாள் பார்க்கும் கண்ணால் பார்க்கக் கற்ற பிள்ளைக்கு அந்தக் கண் ஒரு திறமைதான், கூடவே ஒரு பாரமும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கென்டக்கிப் பள்ளிகளில் ஈவால்ட் இருட்டறை அமைத்துக்கொடுத்தார். பிள்ளைகள் தாங்களே பிலிம் கழுவினார்கள், தாங்களே பிரிண்ட் போட்டார்கள். பிலிம் கழுவியவர்களுக்குத் தெரியும், அந்த வேலை தரும் அதிகாரம் என்னவென்று. எந்த நெகட்டிவை என்லார்ஜரில் வைப்பது, எவ்வளவு கறுக்கவிடுவது, எதைக் குப்பையில் போடுவது எல்லாம் கையில் இருக்கிறது. ட்ரேயில் படம் எழும்பி வருவதை முதலில் பார்ப்பது எடுத்த பிள்ளைதான், டீச்சர் இல்லை. தேர்வு முழுக்கப் பிள்ளைகளுடையது என்று இதனால் ஆகிவிடாது. புத்தகத்துக்குப் படம் பொறுக்கியது ஈவால்ட். ஆனால் பொறுக்குவதற்கு முன் ஒரு சல்லடை பிள்ளைகளின் கையில் இருந்தது.

சோனாகாச்சியில் இருட்டறைக்கு ஏது இடம்? அங்கே வகுப்பு என்பது காண்டாக்ட் ஷீட். தரையில் உட்கார்ந்து பிள்ளைகள் தம் படங்களைப் பார்க்கிறார்கள், பிரிஸ்கி ஏன் இது நன்றாக வந்திருக்கிறது, ஏன் அது வரவில்லை என்று கேட்கிறார், சொல்கிறார். ஆவணப்படத்திலேயே மிக நல்ல பகுதிகள் இவைதான். பிள்ளைகள் ஒருவர் படத்தை ஒருவர் கேலி செய்கிறார்கள், விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிறார்கள். ஒரு சிறுவனின் பேச்சில் தேர்ந்த விமர்சகரின் நிதானம் இருக்கிறது. இந்தக் காட்சிகளை இன்னும் அரைமணி நேரம் வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். கதை வேறு பக்கம் போய்விடுகிறது.

எந்தப் பக்கம் என்றால், வெளியே. படங்கள் நியூயார்க்கில் சோதபிஸ் ஏல நிறுவனம்வரை போயின. ஒரு சிறுமியின் படம் அம்னஸ்டி அமைப்பின் நாட்காட்டிக்குத் தேர்வானது. ஒரு சிறுவன் உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பின் குழந்தைகள் நடுவர் குழுவில் உட்கார ஆம்ஸ்டர்டாம் போனான். விற்ற பணம் பிள்ளைகளின் படிப்புக்கு என்று பிரிஸ்கி 2002இல் 'கிட்ஸ் வித் கேமராஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஜெருசலேம், ஹைதி, கெய்ரோ என்று வகுப்புகள் பரவின. நல்ல படத்தின் அளவுகோல் இப்போது தூரத்தில், வாங்குபவரின் கண்ணில் இருந்தது. பத்து வயதில் ஒரு பிள்ளை எடுத்த படம் தன்னைப் போர்டிங் பள்ளியில் சேர்க்க உதவும் என்று தெரிந்துவிட்டால், அடுத்த படத்தை அது விளையாட்டாக எடுக்குமா?

ஈவால்டும் காலரிகளுக்கு அந்நியரல்ல. 1992இல் மெக்ஆர்தர் உதவித்தொகை பெற்றார், 1997இல் விட்னி பையனியலில் அவர் படைப்பு இருந்தது. குழந்தைகள் எடுத்த படம் ஒரு பெரியவரின் கலைப்படைப்பாகச் சுவரில் தொங்கினால் அதன் ஆசிரியர் யார் என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனவு என்ற தலைப்பு நான் முன்னே புகழ்ந்த அளவுக்கு ஒன்றும் அறியாததல்ல. விசித்திரமும் மரணமும் கலந்த கறுப்புவெள்ளைப் படங்களுக்கு அன்றைய அமெரிக்கக் கலையுலகில் மவுசு இருந்தது. ஈவால்டின் ரசனையும் அங்கிருந்து வந்ததுதான். பிள்ளைகள் கண்ட நூறு கனவுகளில் அந்த ரசனைக்கு ஒத்தவைதான் புத்தகத்தில் ஏறியிருக்கும். வழிகாட்டி தன் ரசனையைக் கதவுக்கு வெளியே செருப்போடு கழற்றிவைத்துவிட்டு வர முடியாது. ஈவால்டிடம் அது தலைப்பிலும் தேர்விலும் நின்றது, பிரிஸ்கியிடம் பிள்ளையின் எதிர்காலம்வரை நீண்டது. வித்தியாசம் அளவில்தான், ஆனால் பெரிய அளவு.

ஊர்க்காரர்களை எடுத்துக்கொள்வோம். லெட்சர் மாவட்டத்தின் வைட்ஸ்பர்க்கில் 1969 முதல் ஆப்பல்ஷாப் என்ற அமைப்பு இருக்கிறது. உள்ளூர் இளைஞர்களுக்குப் படத்தொழில் கற்றுத்தர அரசு நிதியில் தொடங்கி, பிறகு அந்த இளைஞர்களே நடத்திய அமைப்பு. வெளியார் எடுத்த நம் படத்துக்கு நாமே பதில் படம் எடுப்போம் என்ற கோபம் அதில் இருந்தது. ஈவால்ட் தனியாக வந்தாலும் இந்தச் சூழலுக்குள் வந்தார், இவர்களோடு வேலை செய்தார். ஓ'கானர் கொலையைப் பற்றி 2000இல் 'ஸ்ட்ரேஞ்சர் வித் எ கேமரா' என்ற படம் எடுத்த எலிசபெத் பாரெட் ஆப்பல்ஷாப்காரர், அந்த மண்ணின் மகள்.

சோனாகாச்சியிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். பாலியல் தொழிலாளர்களே நடத்தும் துர்பார் மகிளா சமன்வய குழு 1995இல் உருவானது. அவர்களுக்கென்று உஷா கூட்டுறவு வங்கி, ஆடல் பாடல் நாடகத்துக்குக் கோமல் கந்தார் என்ற கலைக்குழு, பிள்ளைகளின் படிப்புக்கான வேலைகள். ஆவணப்படத்தைப் பார்த்து இவை எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே தாய்மார்கள் வசைபாடுகிறார்கள், அடிக்கிறார்கள், பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். காப்பாற்ற ஒரே ஒருத்தி இருக்கிறாள். துர்பார் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. புகைப்பட வகுப்பு என்ற அளவிலும் இது ஒரு பிழை. பிள்ளையின் முதல் ரசிகர் அதன் தாய். தாய்க்குக் காட்ட வெட்கப்படும் படத்தையோ, தாய் கேவலமாகத் தெரியும் படத்தையோ எடுத்துக்கொண்டு பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும்?

இவ்வளவு சொன்ன பிறகும் பிரிஸ்கியை ஒதுக்கித் தள்ள என்னால் முடியவில்லை. காரணம் படத்தின் பின்பாதி. அதில் கேமராவே குறைவு, அலுவலகங்கள்தான் அதிகம். பள்ளியில் சேர்க்க ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, எச்ஐவி பரிசோதனை. ஆம்ஸ்டர்டாம் போக வேண்டிய பையனுக்கு பாஸ்போர்ட். ஒவ்வொரு மேசையாக, ஒவ்வொரு கையெழுத்தாக அலைகிறார். அரசு அலுவலகத்தில் காத்திருந்த எவருக்கும் அந்தக் காட்சிகளைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். புகைப்படம் கற்றுக்கொடுக்க வந்தவர் ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். இந்த வாரம் வகுப்புக்கு வந்த பிள்ளை அடுத்த வாரம் இருக்குமா என்பதே நிச்சயமில்லாத இடத்தில் ஃப்ரேமைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதும் ஒரு வகையில் கல்நெஞ்சுதான். லெட்சர் பிள்ளைகள் ஏழைகள். ஆனால் அவர்களுக்குப் பள்ளி இருந்தது, பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஈவால்ட் நல்ல ஆசிரியையாக மட்டும் இருந்துவிட முடிந்ததற்கு அந்தப் பதிவேடும் ஒரு காரணம்.

அந்த அலைச்சலின் பலன் கலவையாகவே வந்தது. படத்தின் முடிவில் வரும் வரிகளே அதைச் சொல்லிவிடுகின்றன: சில பிள்ளைகளை வீட்டார் போர்டிங் பள்ளியிலிருந்து திரும்பக் கூட்டிப்போய்விட்டார்கள், சிலர் தாமாகவே வெளியேறினார்கள், சிலர் தங்கிப் படித்தார்கள். ஆம்ஸ்டர்டாம் போன பையன் பிற்பாடு நியூயார்க்கில் சினிமா படித்தான். மற்றவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவன் பெயரே முன்னால் வருகிறது. ஒரு வகுப்பை அதன் மிகச் சிறந்த மாணவனை வைத்து அளக்கும் பழக்கம் நமக்கும் உண்டு, பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் பள்ளி வாசலில் கட்டும் பேனரைப் பார்த்தால் போதும். பிரிஸ்கி பின்னாளில் மனிதர்களை விட்டுப் பூச்சிகள் பக்கம் போனார். கும்பிடுபூச்சிகளைப் பல நாடுகளில் தேடி எடுத்தார். அதை ஓய்வு என்று நான் படித்துக்கொள்கிறேன், அவர் ஒப்புக்கொள்வாரோ என்னவோ.

ஈவால்ட் திரும்பிப் போனார். அன்றைய பிள்ளைகள் நடுவயதைத் தொட்ட பிறகு அவர்களைத் தேடிப்போய், எலிசபெத் பாரெட்டோடு சேர்ந்து 'போர்ட்ரெய்ட்ஸ் அண்ட் ட்ரீம்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு படம் இயக்கினார். 2020இல் அது அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது, புத்தகமும் புதுப்பதிப்புக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் புகைப்படக்காரர் ஆகவில்லை. வாழ்க்கை அவரவரை ஒவ்வொரு பக்கம் இழுத்துப் போயிருக்கிறது. ஆனால் பழைய படத்தைக் கையில் வாங்கியதும் அதை ஏன் எடுத்தேன் என்று அவர்களால் பேச முடிகிறது. படமெடுத்தது நான் என்ற உரிமை அந்தப் பேச்சில் இருக்கிறது. கற்றுக்கொடுத்தது பலித்ததா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை: பல பத்தாண்டு கழித்து மாணவர் தன் படத்தைப் பற்றித் தானே பேச வேண்டும், டீச்சரைப் பற்றி அல்ல.

ஈவால்டும் பிரிஸ்கியும் வெளியிலிருந்து வந்தவர்கள். உள்ளிருந்தே ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மதுரைப் பக்கத்து ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாய்க்குப் பிறந்த எம். பழனிகுமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவர். கேமராவை எடுத்த காலத்திலேயே அம்மாவின் மீன் கடையையும் அவருடைய உழைப்பையும் எடுத்தவர். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்பட வகுப்புகள் நடத்துகிறார். அங்கே பிள்ளை தன் அம்மாவை எடுப்பது வறுமையைக் காட்ட அல்ல, அம்மா செய்வது வேலை என்று காட்ட. ஆசிரியரே முதலில் அப்படி எடுத்தவர் என்பதால் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் அந்த வகுப்பில் வராது. அதற்காக உள்ளூர்க்காரர் எல்லாரும் இப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; சொந்த ஊர்ப் பிள்ளைகளிடம் சுருக்கம் விழுந்த முகமும் அழுக்குக் கையும் போட்டியில் பரிசு வாங்கும் என்று சொல்லித்தரும் ஆசிரியர்களும் நம்மிடம் இருக்கிறார்கள்.

இப்போது பிள்ளைகளிடம் கேமரா கொடுக்க யாரும் வர வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு போனாவது இருக்கிறது. அதனால் வழிகாட்டிக்கு வேலை குறைந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. இருட்டறை போய்விட்டது, அதோடு தேர்வும் போய்விட்டது. ஒரு மதியத்தில் நானூறு படம் எடுக்கும் பிள்ளை அதில் எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. புகைப்பட வகுப்பு நடத்த நினைக்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது ஈவால்டின் பக்கம் சாய்ந்த சில நடைமுறைகள். முதல் வாரம் எழுதச் சொல்லுங்கள். தலைப்பில் உங்கள் அக்கறை எதுவும் ஒட்டியிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல், பெண்கல்வி எல்லாம் நல்ல விஷயங்கள், ஆனால் அவை உங்கள் விஷயங்கள். எடுத்ததில் பத்தைப் பிள்ளையே பொறுக்கட்டும், பொறுக்கும்போது நீங்கள் டீ குடிக்கப் போய்விடுங்கள். மூன்றையாவது காகிதத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். கண்காட்சி வைத்தால் முதல் நாள் வீட்டார் மட்டும் வரட்டும். சிறப்பு விருந்தினரை மறுநாள் கூப்பிட்டுக்கொள்ளலாம். படத்தை வெளியே அனுப்பினால் எங்கே போகிறது என்று பிள்ளைக்கும் தாய்க்கும் தெரிய வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும், அது அந்த வீட்டோடு நிற்கட்டும்.